குப்பையிற் கிடக்கும் குன்றிமணி

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் வாலிபர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)





ஆண்டு விழா மேடையில் வாலிபர் பகுதியின் சார்பிற் பேசுமாறு எங்களைப் பணித்தபோது, இலக்கியத்தைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவோம் எனப் பெரியோர் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ பழைய இரும்புக் கடைக்குப் போகின்ற பொருள். பழுதடைந்த கொம்பியூட்டரைக் கழற்றும்போது அதனுள் இருப்பது என்ன, எதற்குப் பெறுமதி உண்டு, எது கையாலும் தொடத்தகாதது என்று இனங்காண்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு. சிரிக்க விரும்புவோர் இப்பொழுதே சிரித்துக்கொள்ளலாம். பேச்சு முடியும்போது சிரிப்பு வராது என்பது எங்கள் நம்பிக்கை.

முதலில் எங்கள் தவறுகளை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை. அவை இரண்டு.

2005ஆம் ஆண்டளவில் நாடெங்கும் நெனசல நிலையங்கள் தொடங்கப்பட்ட காலத்திலே, கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கொம்பியூட்டர் என்னும் ஆசை பிறந்தது. நமது சங்கத்து நூல்நிலையத்துக்கும் அன்பர்கள் சிலர் தாங்கள் பாவித்த இயந்திரங்களைத் தந்தார்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் சிலரும் அனுப்பினார்கள். ஆயுத பூசையன்று அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் காட்டினோம். ஆண்டுகள் சென்றன. ஒவ்வொன்றாகப் பழுதடைந்தன. மேசையிலிருந்தவை மூலைக்குப் போயின. மூலையிலிருந்தவை பின்விறாந்தைக்குப் போயின. மழைச்சாரலில் நனைந்து, துருவேறி, சந்தனப் பொட்டின் சுவடு மட்டும் மாறாமல் அவை அங்கே கிடந்தன.

ஒருநாள் பழைய இரும்பு லொறி வந்தது. பதினான்கு இயந்திரங்களில் பன்னிரண்டை இரும்பு நிறைக்கு நிறுத்துக் கொடுத்தோம். கிடைத்த பணம் அன்று மாலைக் கூட்டத்தின் தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் சரியாயிற்று. இது முதலாவது தவறு.

லொறியில் இடமில்லாமையால் இரண்டு மிஞ்சின. அவற்றை நமது ஊரிலுள்ள முதிய பத்தர் ஒருவர் பார்த்தார். நகைத் தொழிலில் ஐம்பது வருடம் இருந்து ஓய்ந்தவர். பலகையொன்றைக் கையிலெடுத்து வெயிலிற் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பின்பு வீட்டுக்குப் போய்த் தமது உரைகல்லை எடுத்து வந்தார். பலகையின் ஓரத்திலிருந்த மஞ்சட் பற்களை அக்கல்லிலே மெல்ல உரைத்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு துளி திராவகம் விட்டார். பித்தளையாயின் கோடு பொங்கி மறைந்துவிடும். இந்தக் கோடோ மறையவில்லை.

“தம்பிமாரே, இது பொன்தான். ஆனால் தோல் மட்டுந்தான் பொன், உள்ளே செம்பு. ஆசைப்படவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம்” என்றார்.

“ஐயா, நாங்கள் பன்னிரண்டை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டோமே!” என்று சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கல்லைத் துடைத்து மடியிற் செருகிக்கொண்டார்.

அவர் சொன்ன இரண்டு பாதிகளில் எங்களிற் சிலர் ஒரு பாதியை மட்டுமே கேட்டார்கள். கைத்தொலைபேசியில் யாரோ செய்து காட்டியதைப் பார்த்து, கடற்கரையோரத்துக் கொட்டிலொன்றில் நைத்திரிக் அமிலத்தை வாளியில் ஊற்றிப் பலகைத் துண்டுகளை அதிலே போட்டார்கள். செம்மண்ணிறப் புகை எழுந்தது. குனிந்து பார்த்த தம்பி ஒருவன் இருமிக்கொண்டு வெளியே ஓடினான். சற்று நேரத்தில் தேறிவிட்டான் என்றே எல்லோரும் எண்ணினர். நள்ளிரவில் அவனுக்கு மூச்சு முட்டியது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். அந்தப் புகையின் கொடுமை அதுவே. முதலில் இலேசாகக் காட்டி, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். வாளியின் அடியில் மிஞ்சியது கறுத்த சேறு. பொன் எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இது இரண்டாவது தவறு. அந்தத் தம்பி இன்று இந்தச் சபையில் நலமாக இருக்கிறான். அந்த ஆறுதலோடுதான் இதனைப் பேசுகிறோம்.

அறியாமையால் எறிவதும் தவறு, அரைகுறை அறிவால் எரிப்பதும் தவறு என்பதை அன்று உணர்ந்தோம். அதன் பின்னரே முறையாகக் கற்கத் தொடங்கினோம். கற்றதை உங்கள் முன் வைக்கிறோம்.

அன்பர்களே! இனம் பிரிக்கும் தொழில் நம் கரைக்குப் புதியதன்று. நமது மாவட்டத்துச் சிலாபத்தின் பெயரே முத்துக்குளித்தலைக் குறிக்கும் ‘சலாபம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர். பல அளவிற் கண்ணுடைய பித்தளைச் சல்லடைகளில் அரித்து, பருமன் வேறு, நிறம் வேறு, உருட்சி வேறு என்று முத்துக்களைப் பிரித்தவர்கள் நமது முன்னோர். அது போகட்டும். இன்றைக்கும் உடப்புக் கரையிலே கரைவலை ஏறுவதைப் பாருங்கள். அம்பாப் பாடி இழுத்து மடி கரையேறியதும், குவியலாக யாராவது விற்கிறார்களா? சூடை ஒரு பக்கம், நெத்தலி ஒரு பக்கம், பாரை ஒரு பக்கம், இறாலும் கணவாயும் தனித்தனி. திருக்கை அகப்பட்டால் முதலில் அதன் முள்ளை வெட்டி எறிந்த பின்பன்றோ மீனைத் தொடுவர்! பேத்தையை யாரும் கூடையிற் போடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மீனைப் பிரிக்கத் தெரிந்த நாம், கொம்பியூட்டரை மட்டும் குவியலாக விற்றோம்.

ஆகவே அந்த ஒழுங்கிலேயே செல்வோம். முதலில் முள்ளும் பேத்தையும், பின்பு மீன்.

கொம்பியூட்டர்ப் பெட்டியின் பின்புறத்திலே மின்சார வயர் வந்து சேரும் இரும்புப் பேழை ஒன்று உண்டு. மின்வழங்கி என்பது அதன் பெயர். சுவரிலிருந்து வயரைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவிகளில் முந்நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். அதனைத் திறக்கவே கூடாது. முழுதாகக் கழற்றி முழுதாகவே விற்க வேண்டும். உள்ளே செம்புச் சுருளும் அலுமினியத் தகடும் உண்டென்பது உண்மை. அதற்காக உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமையாகாது.

அடுத்தது பழைய பெரிய திரை. பானை போலப் பின்புறம் பெருத்திருக்குமே, அது. அதன் கண்ணாடியிலே கிலோக்கணக்கில் ஈயம் கலந்திருப்பதுண்டு. உள்ளே காற்றில்லாத வெற்றிடம். உடைந்தால் சில்லுகள் தெறிக்கும். கழுத்திலுள்ள செம்புச் சுருளுக்காகத் திரையை உடைத்துவிட்டு, கண்ணாடியைக் களப்போரத்தில் எறிவோர் உண்டு. சில நூறு கிராம் செம்புக்காகக் கிலோக்கணக்கான ஈயத்தை இறால் வளரும் நீருக்குக் கொடுப்பது என்ன வியாபாரம்? மெல்லிய புதுத் திரைகளிலும் எச்சரிக்கை வேண்டும். அவற்றுட் பழையவற்றின் ஓரத்தில் பென்சிலினும் ஒல்லியான விளக்குக் குழாய்கள் இருக்கும், அவற்றுள்ளே பாதரசம்.

மூன்றாவது பற்றரிகள். மடிக்கணினியின் பற்றரியைக் குத்தவோ, நெரிக்கவோ, வெயிலிற் குவிக்கவோ கூடாது. அது தீப்பற்றினால் அணைப்பது அரிது. தாய்ப்பலகையின்மேல் வெள்ளிக் காசு போலிருப்பது லிதியம் பற்றரி. மிகப் பழைய பலகைகளிலே காசுக்குப் பதிலாகச் சிறு பீப்பாய் போன்ற பற்றரி இருக்கும். அதிலே கட்மியம் என்னும் நச்சு உலோகம் உண்டு. பச்சையாகக் கசிந்து பலகையை அரித்திருப்பதையும் காணலாம். இவற்றை முதலில் எடுத்துத் தனிப் போத்தலில் இட வேண்டும்.

முள் நீங்கியது. இனி மீன்.

ஒரு காந்தத்தைக் கையில் எடுங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. பெட்டியின் கூடு, வட்டத்தட்டு ஓட்டியின் மூடி ஆகியவை அநேகமாக இரும்பே. ஒட்டாமல் வெண்மையாகவும் இலேசாகவும் இருந்தால் அலுமினியம். விசிறியின் கீழே சீப்புப் போலப் பற்களுடன் இருக்கும் வெப்பந்தணிப்பான் பெரும்பாலும் அலுமினியம். சிலவற்றின் அடிப்பாகம் செம்பாயிருக்கும். இரும்போடு சேர்த்து விற்றால் அலுமினியமும் செம்பும் இரும்பு விலைக்கே போகும். எங்கள் பன்னிரண்டுக்கு நேர்ந்தது அதுதான்.

வயர்களின் உள்ளே செம்பு. அதனை எடுப்பதற்கு எளிய வழி எரிப்பது என்று பலர் நினைக்கின்றனர். மேலுறை பீ.வீ.சீ. என்னும் பிளாஸ்டிக். எரிந்தால் நெஞ்சை அறுக்கும் அமிலப் புகையும், டயொக்சின் என்னும் கொடிய நஞ்சும் வெளிவரும். நம் கரையிலே மாலைக் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி வீசுகின்றது. கரையில் எரித்த புகை கருவாட்டுப் பந்தலைத் தாண்டித் தொட்டிலுக்கே வந்து சேரும். எரித்த செம்பு கறுத்தும் விடும். வியாபாரி விலையைக் குறைப்பான். கத்தியாற் கீறி உரித்த செம்பு பளபளப்பாக நல்ல விலைக்குப் போகும். இங்கே அறமும் இலாபமும் ஒரே பக்கம் நிற்கின்றன.

தகவல் வட்டு என்னும் ஹாட் டிஸ்க்கைப் பற்றி இரண்டு வார்த்தை. கையடக்கமான புத்தகம் போன்று கனமாயிருக்கும் பேழை அது. அதன் உடல் வார்ப்பு அலுமினியம். உள்ளே கண்ணாடி போல மின்னும் வட்டுக்கள். ஓரத்திலே நியோடிமியம் கலந்த இரண்டு காந்தங்கள். சிறியவையாயினும் மிக வலியவை, இடையில் விரல் அகப்பட்டால் தசை நசுங்கும். ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெறுமதி வாய்ந்தது அதற்குள் எழுதப்பட்டிருப்பது. நாங்கள் விற்ற பன்னிரண்டிலும் சங்கத்து உறுப்பினர் பட்டியல், அடையாள அட்டை இலக்கங்கள், பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பங்கள் யாவும் இருந்தன. அவை இன்று யார் கையில் உள்ளன என்பதை நாங்கள் அறியோம். பொன் போனதைவிட இதுவே எங்களை அதிகம் வருத்துகின்றது. எனவே இயந்திரத்தை விற்பதற்கு முன் இந்தப் பேழையை வெளியே எடுத்துவிட வேண்டும். வேண்டியதைப் பிரதி செய்துகொண்டு, வட்டுக்களைத் துளையிட்டு அழித்த பின்னரே அதனைக் கைவிட வேண்டும். துளையிடும்போது கண்ணாடி அணிவது அவசியம். வட்டுக்களிற் சில உண்மையிலேயே கண்ணாடியாலானவை, சிதறும்.

இனி, எல்லோரும் காத்திருக்கும் பொன்னுக்கு வருவோம்.

கொம்பியூட்டரிற் பொன் ஏன் இருக்கிறது? அழகுக்காக அன்று. செம்பும் பித்தளையும் காற்றுப்பட்டால் களிம்பேறும். களிம்பு மின்னோட்டத்தைத் தடுக்கும். பொன் களிம்பேறுவதில்லை. ஆகவே ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும் இடங்களில் மட்டும் பொன் முலாம் பூசுகிறார்கள். இதிலிருந்து நம் கரைக்கென்றே ஒரு சோதனை பிறக்கின்றது. உரைகல் இல்லாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. உப்புக்காற்றே நமது உரைகல். விறாந்தையிற் சில மாதம் கிடந்த பலகையைப் பாருங்கள். மஞ்சளாயிருந்தது கறுத்தோ பச்சை பூத்தோ போனால் அது பித்தளை. வெள்ளையாயிருந்து மங்கினால் அது வெள்ளீயப் பூச்சு. அன்றிருந்த மஞ்சள் இன்றும் அப்படியே இருந்தால் அது பொன். பொன்னிடையே ஊசிமுனை போலப் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால், முலாம் மிக மெல்லியது என்று கொள்க.

பொன் அதிகம் இருக்கும் இடம் இயந்திரத்தின் மூளையாகிய செயலி. அதனை மூன்று வகையாக இனங்காணலாம். பீங்கான் போலக் கனமாயும், சாம்பல் அல்லது ஊதா நிறமாயும், அடியிலே பொன்னூசிகள் நிறைந்துமிருப்பது முதல் வகை. 1985இல் வந்த 386, 1989இல் வந்த 486, 1993இன் முதற் பென்ரியம் ஆகியவற்றிற் பல இவ்வகையின. 1995இல் வந்த பென்ரியம் புரோ என்பதைப் பழம்பொருள் கழற்றுவோர் அரசன் என்றே மதிப்பர். பச்சை அல்லது மண்ணிற நார்ப்பலகையில் ஊசிகள் உடையது இரண்டாம் வகை, பொன் குறைவு. ஊசியே இல்லாமல் அடியில் மஞ்சட் புள்ளிகள் மட்டும் உடையது மூன்றாம் வகை. 2004 தொடக்கம் இன்ரெல் கொம்பனியின் செயலிகள் இவ்வாறு வந்தன. அவற்றின் ஊசிகள் தாய்ப்பலகையிலுள்ள குழிக்கு மாறிவிட்டன. அந்தக் குழியைக் கவனியாமல் விடலாகாது.

அடுத்தது நினைவகப் பலகை. நீண்ட சீப்புப் போல ஓரத்தில் மஞ்சட் பற்கள் இருக்கும். பற்களை எண்ணினால் வயது தெரியும். இருபக்கமும் சேர்த்து 168 ஆனால் 1990களின் பிற்பகுதியது. 184 ஆனால் அதற்கடுத்த தலைமுறை. 240 ஆனால் அதற்கும் பிந்தியது. 288 ஆனால் அண்மைக்காலத்தது. மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வதில்லையா? அதுபோலத்தான்.

தாய்ப்பலகையின் வயதைச் செருகுகுழிகள் சொல்லும். நீண்ட கறுப்புக் குழிகள் இருந்தால் மிகப் பழையது, முலாம் தடிப்பாயிருக்கும். குட்டையான வெள்ளைக் குழிகள் 1990களில் வந்தவை. 1971 வரை பொன்னின் உத்தியோக விலை அவுன்சுக்கு 35 டொலர் மட்டுமே. அக்காலத்து இயந்திரங்களிற் பொன்னைத் தாராளமாகப் பூசினர். விலை ஏற ஏறப் பூச்சு மெலிந்துகொண்டே வந்தது. ஆகவே பழையது சிறந்தது என்பது இந்தத் தொழிலில் மெய்.

எவ்வளவு பொன்? இங்கேதான் பத்தர் ஐயாவின் மற்றப் பாதி வருகின்றது. நாங்கள் கணக்குப் பார்த்தோம். நீங்களும் பாருங்கள். 168 பற்களுடைய நினைவகப் பலகை ஒன்று. ஒவ்வொரு பல்லும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலம், மூன்று மில்லிமீற்றர் நீளம். மொத்தப் பரப்பு ஐந்து சதுர சென்ரிமீற்றர். நல்ல முலாமின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்கிட்டால் அதில் முக்காற் பங்கு. பெருக்கிப் பார்த்தால் வருவது ஏழு மில்லிகிராம் பொன். நம் பத்தர்கள் பண்டைக்காலத்தில் நிறைகல்லாக வைத்த குன்றிமணி ஒன்று ஏறக்குறைய 120 மில்லிகிராம். அப்படியானால் ஒரு குன்றிமணிப் பொன்னுக்குப் பதினாறு பதினேழு பலகை வேண்டும். எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுணுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட பலகைகள்! இதற்காகவா அந்தத் தம்பி தன் நுரையீரலைக் கொடுக்கப் பார்த்தான்?

ஆனால் அலட்சியமும் கூடாது என்றாரல்லவா? அதற்கும் கணக்குண்டு. கோலார் தங்கவயலை நினையுங்கள். ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பாறை பிளந்த சுரங்கம் அது, 2001இல் மூடப்பட்டது. பொதுவாகப் பொற்சுரங்கங்களில் ஒரு தொன் பாறைக்குக் கிடைப்பது சில கிராம் பொன். பழைய கொம்பியூட்டர்ப் பலகைகளோ, ஒரு தொன் சேர்ந்தால் நூறு கிராமுக்கு மேலும் பொன் தரக்கூடியவை. ஒரு வீட்டுக்கு அது ஒன்றுமில்லை. ஒரு மாவட்டம் சேர்ந்தால் அது ஒரு சுரங்கம்.

ஜப்பானியர் இதனைச் செய்து காட்டினர். 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை மக்களிடமிருந்து 78,985 தொன் பழைய சிறு மின்கருவிகளையும், 62 இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்தொலைபேசிகளையும் சேர்த்தார்கள். அவற்றிலிருந்து 32 கிலோ பொன்னும் வெள்ளியும் செம்பும் பிரித்து, தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களையும் வார்த்தார்கள். ஒரு வேடிக்கை: அந்தப் பொற்பதக்கமும் வெள்ளியின்மேல் பொன் முலாம் பூசியதே! முலாமிலிருந்து எடுத்தது முலாமாகவே போய்ச் சேர்ந்தது. அங்கே பொன்னைப் பிரித்தது வாளியும் அமிலமும் வைத்த கொட்டில் அன்று. ஜப்பானின் கொசாக்கா, பெல்ஜியத்தின் ஹோபோகன் போன்ற இடங்களிலுள்ள பேருருக்காலைகள் புகையை அடக்கி, பத்துக்கு மேற்பட்ட உலோகங்களைத் தனித்தனியே எடுக்கின்றன. நமது வேலை உருக்குவதன்று. இனம் பிரித்துச் சேர்ப்பதே.

அதைச் செய்யாவிட்டால் வருவதென்ன? சீனாவில் குய்யூ என்னும் ஊர் உண்டு. உலகத்துப் பழைய கொம்பியூட்டர்களை வீட்டு முற்றங்களில் எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுத்த ஊர் அது. அவ்வூர்ப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் அளவுக்கு மிஞ்சியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். பிள்ளைகளின் அறிவை வளர்க்க வாங்கிய இயந்திரம், பிள்ளைகளின் அறிவையே கெடுத்த கதை இது. 2022ஆம் ஆண்டில் உலகம் கழித்த மின்கருவிகள் 620 இலட்சம் தொன். முறையாகச் சேர்த்துப் பதனிடப்பட்டதாகப் பதிவானது அதில் நூற்றுக்கு 22 பங்கே.

சட்டமும் நமக்குத் துணையாக இருக்கின்றது. 2008 பெப்ரவரி 1ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தலின்படி இத்தகைய கழிவுகளைச் சேர்ப்பதற்கும் பதனிடுவதற்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த அனுமதி பெற்றோரிடமே பலகைகளையும் திரைகளையும் பற்றரிகளையும் ஒப்படைக்க வேண்டும். பேசல் உடன்படிக்கையின் திருத்தத்தின்படி, 2025 ஜனவரி 1 முதல் மின்கழிவு எதுவாயினும், பெறுகின்ற நாட்டின் முன்சம்மதமின்றி எல்லை கடந்து அனுப்பப்படலாகாது.

பெரியோர்களே! நமது மாவட்டத்தோடு ஒட்டிய ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளன்று கொழும்பில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்தது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மண்ணோடு மண்ணாயின. அதன் பின்பு தலைநகரத்தின் குப்பையை நமது மாவட்டத்து அருவக்காட்டிலே, சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பகுதியிலே கொண்டுவந்து நிரப்பும் ஏற்பாடு நடந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் இன மத பேதமின்றி வீதியில் இறங்கி, “பிறர் குப்பை எங்கள் மண்ணுக்கு வேண்டாம்” என்றார்கள். நியாயமான குரல். ஆனால் அந்தக் குரலை எழுப்பிய நாம், நமது குப்பையை எங்கே போடுகிறோம்? களப்போரத்துக் கண்டல் வேரிலே எத்தனை பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் கிடக்கின்றன? பிறரைத் தடுக்கும் உரிமை, தன் முற்றத்தைக் கூட்டியவனுக்கே முழுமையாக உண்டு.

இறுதியாக, மகிழ்ச்சியான ஒரு செய்தி. மிஞ்சிய இரண்டு இயந்திரங்களின் கதையை நாங்கள் முடிக்கவில்லை. கழற்றுவதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பார்ப்போம் என்று நினைவகப் பலகைகளை வெளியே எடுத்தோம். அந்தப் பற்களின்மேல் உப்புக்காற்றின் அழுக்குப் படிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் செருகினோம். ஒன்று உயிர்பெற்றது! மற்றதன் தகவல் வட்டும் மின்விசிறியும் அதற்கே உதவின. இன்று அந்த இயந்திரத்தில்தான் நூல்நிலையப் புத்தகப் பட்டியல் எழுதப்படுகின்றது. விற்ற பன்னிரண்டிலும் இப்படி எத்தனை உயிரோடு இருந்தனவோ! ஒரு பொருளில் உள்ள மிகப் பெரிய பெறுமதி அதன் பொன்னன்று, அதன் பயனே என்பதை அந்த அழிறப்பர் எங்களுக்குக் கற்பித்தது.

ஆகவே வாலிபர் பகுதி இந்தச் சபையின் அனுமதியைக் கோரி நான்கு தீர்மானங்களை முன்வைக்கின்றது.

ஒன்று: சங்கத்தின் பின்னறையை ஊரார் பழைய மின்கருவிகளை ஒப்படைக்கும் இடமாக்குதல். மழைபடாமல் அவற்றை வைத்தல்.

இரண்டு: பயன்படுபவற்றை முதலிற் திருத்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்தல். திருத்த முடியாதவற்றை மட்டும் கழற்றி இரும்பு, அலுமினியம், செம்பு, பலகை, செயலியும் நினைவகமும், பற்றரி, திரையும் மின்வழங்கியும் என ஏழாகப் பிரித்தல்.

மூன்று: தகவல் வட்டை உரியவர் முன்னிலையில் எடுத்து, அவர் விருப்பப்படி அவரிடமே கொடுத்தல் அல்லது அழித்தல்.

நான்கு: எரிப்பதில்லை, அமிலம் தொடுவதில்லை, பதினெட்டு வயதுக்குட்பட்டவரை இந்த வேலையில் ஈடுபடுத்துவதில்லை. வரும் பணத்தை மாலை வகுப்புக்குச் செலவிடுதல். கணக்கைச் சபையில் வாசித்தல்.

பெரியோர்கள் எங்களுக்கு இடமும் நம்பிக்கையும் தந்தால் போதும். உழைப்பை நாங்கள் தருகிறோம். பத்தர் ஐயா அவர்கள் மாதத்தில் ஒருநாள் உரைகல்லோடு வந்தமர்ந்து எங்களுக்கு உலோகம் பார்க்கக் கற்றுத்தருவதாக வாக்களித்திருக்கிறார்கள். ஐம்பது வருட அனுபவம் அந்தப் பின்னறையில் வந்து உட்காருமானால், அதுவும் மூலையிலே கிடந்த ஒரு செல்வத்தை நாம் மீட்டதாகும்.

குப்பையிற் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது என்பது பழமொழி. குன்றிமணியை அறிந்தெடுக்கும் கண் நமக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. அந்தக் கண்ணை இவ்வாண்டு நாம் பெறுவோமாக.